இன்டெல்லா, ஏஎம்டியா என்று கேட்பதற்கு முன்

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் இரண்டு கொட்டேஷன் தாள்களோடு என் எடிட்டிங் அறைக்கு வந்தான். இரண்டும் சேலம் ஐந்து ரோடு பக்கம் உள்ள இரு வேறு கடைகளில் வாங்கியவை. ஒரு தாளில் இன்டெல் பிராசசர், மற்றொன்றில் ஏஎம்டி. மொத்தத் தொகையில் ஆயிரத்துச் சொச்சம்தான் வித்தியாசம். முதல் கடையில், ‘ஏஎம்டி சீக்கிரம் சூடாகிவிடும், அந்தப் பக்கமே போகாதே’ என்றார்களாம். அடுத்த கடையில், ‘இன்டெல்லை இப்போது யார் வாங்குகிறார்கள்?’ என்று கேட்டார்களாம். “சித்தப்பா, நான் யார் பேச்சைக் கேட்பது?” என்றான்.

அந்தப் பணம், அண்ணன் மாதாமாதம் கட்டிவந்த சீட்டை முன்னதாகவே எடுத்ததில் வந்தது. இன்னும் பதினொரு மாதம் அவர் தவணை கட்ட வேண்டும். எனவே தாள்களை ஓரமாக வைத்துவிட்டு, “கண்ணு, இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய், முதலில் அதைச் சொல்” என்றேன். பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். தரவைக் காட்டிக் கம்ப்யூட்டரைக் கற்கவைக்கும் மெஷின் லேர்னிங் பழக வேண்டும், நேரம் கிடைத்தால் விளையாட வேண்டும் என்றான். இரண்டு கடைகளிலும் யாரும் அவனிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

கல்யாண வீடியோ, ஆல்பம் வேலைக்காக இதுவரை நான் ஐந்து கம்ப்யூட்டர்கள் வாங்கியிருக்கிறேன். சொந்தக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் கூடப் போய் வாங்கிக் கொடுத்தவை அதைவிட அதிகம். அன்று அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். புதிதாக வாங்கப் போகிறவர்கள் யாராவது ஒருவரின் பணம் வீணாகாமல் இருந்தால் போதும்.

பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் என்ன வேறுபாடு என்பதிலிருந்து தொடங்குவோம். சேலத்துக்காரர்கள் இதற்காகத் தொலைவில் உவமை தேட வேண்டாம். வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குள் போய்ப் பார்த்தால் போதும். அங்கே அனுபவமுள்ள ஓர் ஆசாரி இருப்பார். இந்த ஆர்டருக்கு எவ்வளவு வெள்ளி, எந்த டிசைன், எதை முதலில் முடித்துக் கொடுப்பது என்பதெல்லாம் அவர் தலையில் ஓடும். ஒன்றைப் பாதியில் வைத்துவிட்டு இன்னொன்றைக் கையில் எடுப்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். பக்கத்து அறையில் வரிசையாகப் பலர் உட்கார்ந்து கொலுசுக்கு முத்து வைத்துக்கொண்டிருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே வேலை. ஒருவர் முடிப்பதற்காக அடுத்தவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆசாரி பிராசசர்; முத்து வைக்கும் வரிசை கிராபிக்ஸ் கார்டு.

எண்ணிக்கையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கோர் ஐ5-12400 என்ற இன்டெல் பிராசசருக்குள் 6 கோர்கள் இருக்கின்றன. அதாவது ஆறு ஆசாரிகள். ஆர்டிஎக்ஸ் 3060 என்ற என்விடியா கார்டுக்குள் 3,584 சிறிய கோர்கள். முழு எச்டி திரையில் 1920-க்கு 1080 என்ற கணக்கில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. விளையாட்டு ஓடும்போது அத்தனைக்கும் நொடிக்கு 60 தடவை நிறம் கணக்கிட வேண்டும். ஆறு ஆசாரிகளை அதற்கு உட்கார வைத்தால் விடிந்துவிடும். மெஷின் லேர்னிங்கும் இதே இனம்தான்: பெருக்கல், கூட்டல், மறுபடி பெருக்கல், கூட்டல், கோடிக்கணக்கில். ஆனால் டேலியில் கணக்கு எழுதுவதும், எக்செல் தாளும், இணையத்தில் விண்ணப்பம் போடுவதும் ஆசாரியின் வேலை. முத்து வைப்பவர்களை எத்தனை பேர் சேர்த்தாலும் அங்கே வேகம் கூடாது.

ஆக, எந்த வேலை என்பது தெரியாமல் எந்தக் கம்பெனி என்று பேசுவதில் பயனில்லை. ஆனாலும் மக்கள் மனத்தில் கம்பெனி பற்றிய பயம் இருக்கத்தான் செய்கிறது. டிடிபி கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ‘ஏஎம்டி வாங்கினால் பாமினி எழுத்துரு வேலை செய்யுமா?’ என்று உண்மையான கவலையோடு கேட்டார். செய்யும். இன்டெல் 1968-லும் ஏஎம்டி 1969-லும் தொடங்கிய கம்பெனிகள். இரண்டும் கலிபோர்னியாவில் பிறந்தவை. ஐபிஎம், தன் கம்ப்யூட்டருக்கான சிப்பை ஒரே கம்பெனியிடம் மட்டும் வாங்க விரும்பாததால், இன்டெல் வடிவமைத்த சிப்பை ஏஎம்டியும் தயாரிக்க 1982-இல் ஒப்பந்தமாயிற்று. பிறகு 2003-இல் 64-பிட் கட்டளைத் தொகுப்பை முதலில் கொண்டுவந்தது ஏஎம்டி. மறு ஆண்டே இன்டெல் அதைத் தன் சிப்களில் சேர்த்துக்கொண்டது. இன்று இரண்டும் ஒரே கட்டளை மொழியைத்தான் புரிந்துகொள்கின்றன. விண்டோஸுக்காக எழுதப்பட்ட மென்பொருள் ஒன்றில் ஓடினால் மற்றதிலும் ஓடும்.

‘ஏஎம்டி சூடாகும்’ என்ற பேச்சும் காற்றில் பிறந்ததல்ல. 2011-இல் வந்த எஃப்எக்ஸ் வரிசை மின்சாரத்தை அதிகமாகக் குடித்தது; 2013-இல் வந்த எஃப்எக்ஸ்-9590 மட்டும் 220 வாட். அந்தக் காலத்தில் அப்படிச் சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். 2017-இல் ஏஎம்டியின் ரைசன் வரிசை வந்தது. 2019-இல் அது தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் 7 நானோமீட்டர் முறைக்கு மாறியது; பொதுவாக இந்த எண் குறையக் குறைய மின்சாரச் சிக்கனம் கூடும். அதே காலத்தில் இன்டெல்லின் டெஸ்க்டாப் சிப்கள் 2015 முதல் 2021 வரை 14 நானோமீட்டரிலேயே நின்றன. பிறகு நிலைமை திரும்பியது. இன்டெல்லின் ஐ9-14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். ரைசன் 5 5600-க்குக் குறிப்பிட்ட அளவு 65 வாட்தான். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200 டெஸ்க்டாப் வரிசையில் கணக்குப் போடும் பகுதி தயாராவதும் டிஎஸ்எம்சியில்தான். பத்து வருடத்துக்கு முன் உண்மையாக இருந்ததை இன்றும் சொல்லிக்கொண்டிருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அதை நம்பிப் பணத்தை நீட்டுவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குறையே இல்லாத கம்பெனியும் கிடையாது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் பலவற்றில் தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய், கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகும் கோளாறு இருந்தது. 2024-இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்து, வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு, ஏஎம்டியின் 7000 எக்ஸ்3டி சிப்கள் சில மதர்போர்டுகளில் மின்னழுத்தம் மிஞ்சிக் கருகின. அதற்கும் பயாஸ் திருத்தம் வந்தது. பழைய இருப்பிலிருந்து 13, 14-ஆம் தலைமுறையில் பெரிய சிப் எதையும் வாங்கினால், கடையிலேயே பயாஸைப் புதுப்பித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது எண்களுக்கு வருகிறேன். ஏமாற்றமும் லாபமும் இருப்பது இங்கேதான்.

‘ஐ7 கம்ப்யூட்டர், விலை குறைவு’ என்று பழைய பெட்டிகளை விற்கும் இடங்களில் எழுதிப் போட்டிருப்பார்கள். எந்த ஐ7 என்று கேளுங்கள். ஐ7-2600 என்றால் அது 2011-ஆம் ஆண்டுச் சரக்கு. ஐ என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் 3, 5, 7, 9 ஒரே தலைமுறைக்குள் யார் பெரியவர் என்று மட்டும் சொல்லும். கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணின் முன்பகுதிதான் தலைமுறை: 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் அதே நான்கு கோர், எட்டு திரெட் (ஒரே நேரத்தில் கையில் எடுக்கும் வேலைகள்) உண்டு. அந்தப் பழைய ஐ7-ஐ அது எளிதாக முந்திவிடும். அதோடு, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறை இன்டெல்லிலிருந்தும் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் ஏற்கப்படுகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்காக அந்தப் பழைய ஐ7-ஐ வாங்கித் தரும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை. இப்போது இன்டெல் ஐ என்ற எழுத்தை விட்டுவிட்டு கோர், கோர் அல்ட்ரா என்று பெயர் மாற்றியிருக்கிறது. படிக்கும் முறை ஏறக்குறைய அதேதான்.

ஏஎம்டி லேப்டாப் எண்களில் இன்னும் கவனம் வேண்டும். ரைசன் 5 7520யு என்ற பெயரைப் பார்த்தால் 7000 வரிசை, புதியது என்று தோன்றும். அந்த வரிசையில் முதல் இலக்கம் வெளிவந்த ஆண்டைக் குறிக்கிறது. உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520-இல் மூன்றாவது இலக்கம் 2. அதாவது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, நான்கே கோர். 7640யு என்றால் ஜென் 4, ஆறு கோர். இரண்டின் மேலும் ரைசன் 5, 7000 என்ற ஒரே ஸ்டிக்கர்தான்.

பிராசசர் நொடிக்கு எத்தனை நூறு கோடி முறை துடிக்கிறது என்று சொல்லும் கிகாஹெர்ட்ஸைப் பார்த்து மயங்குவதும் இதைப் போன்றதுதான். மேலே சொன்ன எஃப்எக்ஸ்-9590, 2013-லேயே 5 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. அதைவிடக் குறைந்த கிகாஹெர்ட்ஸில் ஓடும் இன்றைய சாதாரண ரைசன் 5, வேலையை அதற்கு வெகு முன்பாகவே முடித்துவிடும். ஒவ்வொரு துடிப்பிலும் அது செய்யும் வேலை அதிகம். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்பீடாமீட்டரின் கடைசி எண்ணுக்கு என்ன வேலை இருக்கிறது? வளைவில் வண்டி எப்படி இழுக்கிறது என்பதே கணக்கு.

எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஓர் ஆங்கில எழுத்து எனக்கு நிறையப் பாடம் கற்பித்தது. இன்டெல்லில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அந்தப் பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. கிராபிக்ஸ் கார்டு தனியாகப் போடாவிட்டால் திரையில் எதுவும் தெரியாது. ஏஎம்டியின் 5000 வரிசையில் நேர்மாறு: ஜி என்ற எழுத்து இருந்தால்தான் உள்ளே கிராபிக்ஸ் உண்டு. 5600ஜி-இல் உண்டு, வெறும் 5600-இல் இல்லை. 7000 வரிசை டெஸ்க்டாப் சிப்களில், எஃப் போட்டவை தவிர மற்றவற்றில், திரை தெரியும் அளவுக்கு ஏஎம்டியே கொடுத்துவிடுகிறது. லேப்டாப்பில் யு என்றால் சிக்கனமான சிப், எச் என்றால் வேகத்துக்கானது.

2022-இல் எடிட்டிங்குக்காகப் புதுப் பெட்டி கட்டினேன். தனியாக என்விடியா கார்டு போடப்போகிறோமே, உள்ளே கிராபிக்ஸ் எதற்கு என்று 12400எஃப் வாங்கிக் கொஞ்சம் பணம் மிச்சம் பிடித்தேன். அதே சமயத்தில் புதுக் கேமராவும் வந்தது. நிறம் நன்றாக வரவேண்டும் என்று 10-பிட், 4:2:2, எச்.265 என்ற முறையில் பதிவு செய்யத் தொடங்கினோம். முதல் முகூர்த்த வீடியோவை பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் திறந்தேன். கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருக்கிறது, திரையில் மாப்பிள்ளையின் கை தாலியோடு பெண்ணின் கழுத்துக்கு அருகே அப்படியே நிற்கிறது. நாலைந்து நொடி கழித்து ஒரு தாவு, கை கீழே இறங்கிவிட்டது. மூன்று முடிச்சில் ஒன்றைக்கூட ஓட்டிப் பார்த்து வெட்ட முடியவில்லை. விலையுயர்ந்த கார்டு வேலையில்லாமல் சும்மா இருந்தது.

காரணம் தெரிய ஒரு வாரம் ஆயிற்று. அந்தக் குறிப்பிட்ட முறையில் பதிவான வீடியோவைப் பிரித்துக் காட்டும் வசதி அப்போதைய என்விடியா கார்டுகளில் இல்லை. இன்டெல் பிராசசருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸில் குவிக் சிங்க் என்ற பகுதி உண்டு; அந்தப் பகுதிக்கு இந்த வேலை தெரியும். எஃப் வாங்கியதால் அதையே நான் இழந்திருந்தேன். எஃப் இல்லாத 12400-ஆக மாற்றினேன். அதே வீடியோ நீரோட்டமாக ஓடியது. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் என்விடியாவும் இந்த வசதியைக் கொடுத்துவிட்டது. கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது: உங்கள் கேமரா எந்த முறையில் பதிவு செய்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய கார்டோடு எடிட் செய்வதாக இருந்தால், எஃப் இல்லாத இன்டெல்லை எடுங்கள். இந்த ஒரு வேலைக்கு நான் கம்பெனி பெயரைச் சொல்லத் தயங்கவே மாட்டேன்.

கிராபிக்ஸ் கார்டில் கம்பெனிகள் மூன்று. என்விடியா 1993-இல் தொடங்கியது; ஜிஃபோர்ஸ் என்பது அதன் பெயர். ரேடியான் கார்டுகளைச் செய்துவந்த ஏடிஐ-ஐ 2006-இல் ஏஎம்டி வாங்கியது. இன்டெல் 2022-இல் ஆர்க் என்ற பெயரில் டெஸ்க்டாப் கார்டுகளோடு வந்தது. பெட்டியின் மேல் அசூஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட் என்று வேறு பெயர் இருக்கும். சிப்பை வாங்கி, விசிறியும் தகடும் சேர்த்துக் கார்டாக்கி விற்பவர்கள் அவர்கள். நெசவாளர் ஒருவர், கடைப்பெயர் வேறு என்பது நமக்குப் புதிதல்ல. வேகம் சிப்பைப் பொறுத்தது. சத்தம், சூடு, வாரண்டி ஆகியவை கார்டு செய்தவரைப் பொறுத்தவை. பழுதானால் சேலத்திலேயே கொடுக்கலாமா, கோவைக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டுமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. ஜிடி 730 என்ற 2014-ஆம் ஆண்டு கார்டில்கூட 4 ஜிபி போட்டு விற்கிறார்கள். குடோன் பெரிதாக இருந்து உள்ளே இரண்டே ஆட்கள் இருந்தால் என்ன வேலை நடக்கும்? இன்னொரு எடுத்துக்காட்டு, ஜிடி 1030. இதில் இரண்டு வகை உண்டு. ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளது நொடிக்கு 48 ஜிபி தரவைக் கடத்தும். டிடிஆர்4 உள்ளது 16.8 ஜிபிதான். பெயர் ஒன்று, தரவைக் கடத்தும் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எந்த கார்டானாலும் முழுப் பெயர், நினைவக அளவு, நினைவக வகை மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

மெஷின் லேர்னிங், பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் போன்ற வேலைகளுக்கு என்விடியா முன்னால் நிற்கிறது. 2007-இல் கூடா என்ற மென்பொருள் அடித்தளத்தை அது வெளியிட்டது. அதற்குப் பின் வந்த கருவிகள் பெரும்பாலும் அதை நம்பியே வளர்ந்தன. பாடத்தில் வரும் பயிற்சியும் இணையத்தில் கிடைக்கும் நிரல்களும் பெரும்பாலும் கூடா இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே எழுதப்பட்டவை. ஏஎம்டிக்கு ரோக்எம் என்ற மாற்று உண்டு. அதன் ஆதரவு எல்லாக் கார்டுகளுக்கும் ஒரே அளவில் இல்லை. முதல் முறையாகப் படிக்கும் பையன் பாடத்தோடு போராடலாம். நிறுவுவதோடும் சேர்ந்து போராட வேண்டாம். விளையாட்டு மட்டும்தான் என்றால் கதை வேறு. அதே பணத்துக்கு ரேடியானில் அதிக வேகமோ அதிக நினைவகமோ கிடைப்பது அடிக்கடி நடக்கிறது. வாங்கும் நாளின் விலையைப் பார்த்துத் தயங்காமல் எடுக்கலாம். இன்டெல்லின் ஆர்க் பி580, 12 ஜிபி நினைவகத்தோடு நல்ல கார்டு. ஆனால் மதர்போர்டில் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாவிட்டால் அதன் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். பழைய பெட்டியில் செருகுவதற்கு அதை வாங்க வேண்டாம்.

லேப்டாப் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில், லேப்டாப்பைப் பொறுத்து 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை கொடுக்கிறார்கள். கழுத்தை நெரித்து ஓட்டுவதும் தாராளமாக ஓட்டுவதும் ஒன்றல்லவே. எத்தனை வாட் என்று கேட்டு வாங்குங்கள்.

இனி நம் ஊர் விஷயம். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, மூடிய அறைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் அதே காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. அதைவிட மோசமானது பஞ்சுத் தூசி. கொண்டலாம்பட்டியில் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய வீடு ஒன்றில், ‘கம்ப்யூட்டர் தானாக அணைந்துபோகிறது, ஏஎம்டி என்பதால்தானே?’ என்று கேட்டு என்னை அழைத்தார்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். பிராசசர் விசிறிக்கு அடியில் இருந்த தகடுகளின் மேல், அப்பளம் போல வட்டமாக, கையில் அப்படியே உரித்தெடுக்கும்படி ஒரு பஞ்சுப் படலம். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது; காற்று உள்ளே போக வழியில்லை. தூரிகையால் சுத்தம் செய்து, வெப்பப் பசையைப் புதிதாக வைத்தேன். அதன் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் அணையவில்லை. தறி ஓடும் பகுதிகளில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது மூடியைத் திறந்து பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கியைக் கடைசியில், மிச்சக் காசில் வாங்குவது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். கொட்டேஷனில் அதற்குக் கம்பெனி பெயரே இருக்காது. ‘500 வாட்’ என்று மட்டும் இருக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 மட்டுமே 170 வாட் இழுக்கும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600 என்றால் 165, ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115. பெயரில்லாத எஸ்எம்பிஎஸ், மேலே எழுதியிருக்கும் வாட்டைக் கொடுக்கும் என்று நம்ப முடியாது. அது கெட்டால் தனியாகக் கெடாமல் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகலாம். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் சான்று உள்ள, பெயர் தெரிந்த 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றுக்காகப் பிராசசரில் ஒரு படி இறங்கினாலும் நான் வருந்தமாட்டேன்.

எதிர்காலத்தில் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்பார்கள். இதில் ஏஎம்டி நல்ல பெயர் எடுத்திருக்கிறது. 2017-இல் ரைசனுக்காக வாங்கிய, ஏஎம்4 என்ற சாக்கெட் (பிராசசர் அமரும் இடம்) உள்ள மதர்போர்டுகள் பலவற்றில் 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி சிப்பைக்கூட, பயாஸைப் புதுப்பித்துவிட்டுப் பொருத்த முடிந்தது. இன்டெல்லில் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரை ஒரே சாக்கெட். 2024-இல் கோர் அல்ட்ரா 200 வந்தபோது சாக்கெட் மாறிவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர், நாலு வருடம் கழித்து மாற்றும் எண்ணம் உள்ளவர் என்றால், ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 உள்ள போர்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். ஒருமுறை வாங்கிவிட்டு ஏழெட்டு வருடம் அப்படியே ஓட்டுபவர்களுக்கு இது பொருட்டில்லை.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கும் என் அக்காவுக்கு இந்தக் கேள்விகளில் பாதி தேவைப்படவே இல்லை. காப்பி, மிளகுக் கணக்கு எழுத வேண்டும். தங்க வருபவர்களின் பதிவுகளைப் பார்க்க வேண்டும். பேரனோடு வீடியோவில் பேச வேண்டும். “தம்பி, பெரிய மிஷினாக வேண்டாம், கரண்டு போனால் எழுதினது போகாமல் இருந்தால் சரி” என்றார். ரைசன் 5 5600ஜி வாங்கிக் கொடுத்தேன்; தனிக் கார்டு இல்லை. 16 ஜிபி ரேமை ஒரே துண்டாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு துண்டுகள் போட்டேன். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ், ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டு துண்டு போட்டால் ஏரிக்கு இரண்டு மடைகளைத் திறந்தது போலப் பாய்ச்சல் கூடும். மழைக்காலத்தில் காற்றடித்து சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்தால் அங்கே மின்சாரம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. 600 விஏ என்று எழுதிய யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கார்டு இல்லாத அந்தப் பெட்டியோ அதில் பாதிகூட எடுப்பதில்லை. விளக்கு அணைந்த பிறகும் அக்கா நிதானமாகக் கணக்கைச் சேமித்துவிட்டு எழுந்திருக்கிறார்.

மறுபடி அண்ணன் மகனின் இரண்டு தாள்கள். இதற்குள் அவனே அவற்றை எடுத்து வேறு விதமாகப் படிக்கத் தொடங்கியிருந்தான். இன்டெல் தாளில் ஐ5-12400எஃப், ஏஎம்டி தாளில் ரைசன் 5 5600. இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். அவன் வேலைக்கு இரண்டும் ஒன்றுதான். எதைப் பற்றிக் கடைக்காரர்கள் சண்டை போட்டார்களோ அதில் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் நான்காவது வரியில் இருந்தது. இன்டெல் தாளில் ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி; ஏஎம்டி தாளில் ‘3060’ என்று மட்டும். விளையாட்டுக்கு 4060 வேகமானது, மின்சாரமும் குறைவு. படிப்புக்கோ, கற்றுக்கொடுக்கும் மெஷின் லேர்னிங் மாடலை முழுவதுமாகக் கார்டின் நினைவகத்துக்குள் ஏற்ற வேண்டும். இடம் போதாவிட்டால் வேகம் இருந்தும் பயனில்லை. 3060 என்றால் 12 ஜிபி என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். 8 ஜிபி உள்ள 3060-உம் உண்டு. அதன் தரவுக் கடத்தல் நொடிக்கு 360 ஜிபியிலிருந்து 240 ஆகக் குறைந்துவிடும்.

“இது எந்த 3060 சித்தப்பா?” என்று அவனே கேட்டான். அங்கிருந்தே கடைக்குப் போன் செய்யச் சொன்னேன். 8 ஜிபி என்று பதில் வந்தது. 12 ஜிபி வேண்டும், எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டும், ரேம் இரண்டு துண்டாக வேண்டும் என்று அவனே பேசினான். தொகை கொஞ்சம் ஏறியது. கேபினட்டில் வண்ண விளக்குகளை விட்டுக்கொடுத்துச் சரிக்கட்டினான். மூன்று நாள் கழித்துப் பொருட்கள் வந்தன. அவற்றை என் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியிலும் இருந்த மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் விரலால் தொட்டுத் தொட்டு பில்லோடு ஒப்பிட்டு முடித்த பிறகுதான் முதல் பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழித்தான்.